இரு காலங்களுக்கு இடையே ஒரு துபாஷி

‘சீரியல்’ என்ற சொல்லைச் செவியுற்றவுடன் தமிழ் இல்லங்களில் மாலைப் பொழுதின் தொலைக்காட்சித் தொடர்கதையே நினைவுக்கு வரும். ஆனால் வெளிமாநிலத் தொழில் நகரங்களில் பணியாற்றும் நம்மவரிடையே அச்சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. கடைசல் இயந்திரம், லாரிகளை நிறுக்கும் எடைமேடை, இரத்தப் பரிசோதனைக் கருவி, வங்கிப் புத்தகத்தில் வரவு செலவு பதிக்கும் அச்சுப்பொறி ஆகியவற்றின் பின்புறத்தில் ஒன்பது ஊசிகளோ இருபத்தைந்து ஊசிகளோ கொண்ட இணைப்பு வாயில் ஒன்று இருக்கக் காணலாம். அதுவே சீரியல் போர்ட் எனப்படுவது. இன்று கடைகளில் விற்கும் மடிக்கணிப்பொறிகளில் அவ்வாயில் பெரும்பாலும் இல்லை. கருவி இன்னும் பல்லாண்டு உழைக்கும் நிலையில் இருக்கிறது. அதன் பேச்சைக் கேட்கும் செவிதான் புதிய கணிப்பொறிக்கு இல்லை.

இந்த இக்கட்டைத் தீர்க்கும் பொருள் மிகச் சிறியது. ஒரு முனையில் யு.எஸ்.பி. செருகியும், மறுமுனையில் ஒன்பது ஊசி முகப்பும், உள்ளே நகமளவு மின்னணுச் சில்லும் கொண்ட ஒரு கம்பி; அவ்வளவே. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, கொல்கத்தாவில் சாந்தினி சௌக், பெங்களூரில் எஸ்.பி. சாலை ஆகிய கடைவீதிகளில் இது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். கடைக்காரர் இதனை ‘அடாப்டர்’ என்றும் ‘கன்வெர்ட்டர்’ என்றும் சொல்வார். நம் பழைய வழக்கில் இதற்கு இசைந்த பெயர் ஒன்று உண்டு, அது துபாஷி. ஐரோப்பிய வணிகர் சோழமண்டலக் கரையில் கடை விரித்த நாளில், இரு மொழியும் அறிந்து இடைநின்று பேசியவரைத் துபாஷி என்றனர். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரிடம் அப்பணி புரிந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736ஆம் ஆண்டு முதல் எழுதிவந்த நாட்குறிப்பு அக்கால வரலாற்றுக்கு ஒரு கருவூலம். பிறமொழி வழங்கும் ஊர்களில் குடும்பம் நடத்தும் நமக்குத் துபாஷியின் அருமையும், அவர் பிழைபடப் பேசினால் விளையும் கேடும் எடுத்துச் சொல்ல வேண்டாதவை.

இந்தச் சிறு துபாஷி மொழிபெயர்ப்பது எந்த மொழியை? அம்மொழி எப்போது பிறந்தது? புதிய முறைகள் எத்தனையோ வந்த பின்னரும் அது மறையாமல் இருப்பது எதனால்? விடை தேடப் புகுந்தால் நாம் கணிப்பொறியைக் கடந்து தந்தி யுகத்துக்கே செல்ல வேண்டியிருக்கிறது.

தந்தியின் கதையில் நம் நாட்டுக்கும் பழைய பங்கு உண்டு. ஓஷானசி என்னும் ஐரிஷ் மருத்துவர் 1839ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவை அடுத்துக் கம்பி இழுத்துச் சோதனை நடத்தினார். 1850ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையே முறையான தந்திப் பாதை போடும் பணி தொடங்கிற்று. 1855ஆம் ஆண்டில் தந்தி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அச்சேவை முடிவுற்ற வரையில், ஊரைவிட்டு வந்து வாழ்ந்த நம் குடும்பங்களுக்கு மகிழ்ச்சியையும் துயரையும் முதலில் கொண்டுவந்தது தந்திச் சேவகனின் மிதிவண்டி மணியே.

நூற்றுக்கணக்கான மைல் தூரத்துக்குக் கம்பி இழுப்பது பெருஞ்செலவு. எழுத்துக்கு ஒரு கம்பியாக இருபத்தாறு கம்பி இழுப்பார் எவருமிலர். ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகவே குறிகளை அனுப்பியாக வேண்டும். எட்டுப்பேர் தோளோடு தோள் சேர்ந்து நடக்க அகன்ற சாலை வேண்டும். ஒருவர்பின் ஒருவராக நடக்க வரப்பே போதும். வரப்பில் நடப்பது போன்ற இம்முறையே தொடர்முறை; ஆங்கிலத்தில் இதற்குப் பெயர் சீரியல். சிக்கனத்தில் பிறந்த முறை இது. சிக்கனமே இதன் நீண்ட ஆயுளுக்கும் முதற்காரணம்.

மோர்ஸ் முறையில் புள்ளியும் கோடுமாக வந்த ஒலியைப் பகுத்தறியத் தேர்ந்த மனிதச் செவி வேண்டியிருந்தது. ஓர் எழுத்துக்கு ஒரு புள்ளி, மற்றோர் எழுத்துக்கு நான்கு குறிகள் என்று நீளம் வேறுபட்டதால் அதனை இயந்திரம் பின்பற்றுவது கடினம். பிரான்ஸ் நாட்டுத் தந்தி ஊழியரான எமில் போடோ 1874ஆம் ஆண்டில் உரிமை பெற்ற முறை இக்குறையைப் போக்கிற்று. எல்லா எழுத்துக்கும் சமமாக ஐந்து துடிப்புகள் என்பது அவர் வகுத்த விதி. ஒவ்வொரு துடிப்பும் மின்னோட்டம் உண்டு, இல்லை என்னும் இரண்டில் ஒன்று. ஆகவே ஐந்து துடிப்பில் 32 சேர்க்கைகள் கிடைத்தன. இன்றும் தொடர்வழியின் வேகத்தை ‘பாட்’ என்னும் அலகால் குறிப்பது அவர் பெயரின் நினைவாகவே.

எனினும் ஒரு தொல்லை எஞ்சியிருந்தது. இரு முனையிலும் உள்ள இயந்திரங்கள் ஓயாது ஒரே கதியில் சுழல வேண்டும். சிறிது பிசகினும் அனுப்பிய எழுத்து ஒன்று, கிடைத்த எழுத்து மற்றொன்று ஆகிவிடும். அமெரிக்காவில் ஹோவர்ட் க்ரம் என்பவர் 1910ஆம் ஆண்டு வாக்கில் இதற்கு ஓர் எளிய பரிகாரம் கண்டார். ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னால் ‘தொடங்குக’ என்று ஒரு குறி. பின்னால் ‘நிறுத்துக’ என்று ஒரு குறி. பெறும் இயந்திரம் தொடக்கக் குறியைக் கண்டதும் புதிதாகக் கணக்கை ஆரம்பிக்கும்; நிறுத்தக் குறி வந்ததும் இளைப்பாறும். நாள் முழுவதும் இரண்டு கடிகாரங்கள் ஒத்துப்போக வேண்டிய தேவை இல்லை; ஓர் எழுத்துக்கு ஆகும் சிறுபொழுதுக்குள் ஒத்துப்போனால் போதும். இன்று நாம் அடாப்டரின் வழியே அனுப்பும் ஒவ்வோர் எழுத்தும் இந்தத் தொடக்கக் குறியையும் நிறுத்தக் குறியையும் தாங்கியே செல்கிறது. நூறாண்டு கடந்தும் மாறாத உடன்படிக்கை இது.

இவ்வுடன்படிக்கையின் மீது எழுந்ததே டெலிபிரிண்டர். செய்தி நிறுவனங்களிலும், வானொலி நிலையங்களின் செய்தி அறைகளிலும், இரவும் பகலும் தடதடவென்று தாளில் செய்தியைப் பதித்துத் தள்ளிய அவ்வியந்திரத்தை நம்முள் முதியோர் பலர் கண்டிருப்பர். அதனை நம் நாட்டிலேயே செய்வதற்காக 1960ஆம் ஆண்டில் சென்னை கிண்டியில் ஹிந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் என்னும் அரசு நிறுவனம், இத்தாலியின் ஒலிவெட்டி நிறுவனத்தாரின் தொழில் ஒத்துழைப்புடன் நிறுவப்பட்டது. அங்கே உருவான பொறிகள் நாடெங்கும் சென்று உழைத்தன. பின்னாளில் டெலிபிரிண்டரின் காலம் முடிந்தது. 2001ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் பெரும்பங்கு தனியார் கைக்கு மாறியது.

கிண்டியில் தொழிற்சாலை எழுந்த அதே 1960ஆம் ஆண்டில் அமெரிக்க மின்னணுத் தொழிலாளர் அல்லர், மின்னணுத் தொழில் நடத்துவோர் சங்கம் ஒரு நியமத்தை வெளியிட்டது. அதுவே ஆர்.எஸ். 232. டெலிபிரிண்டர் போன்ற கருவியை, தொலைபேசிக் கம்பியில் செய்தி ஏற்றும் மோடத்தோடு இணைக்கையில் எந்த ஊசியில் எது வரவேண்டும், எத்தனை வோல்ட்டை எவ்வாறு கொள்ளவேண்டும் என்பவற்றை அது வரையறுத்தது. மூன்று வோல்ட்டுக்கு மேற்பட்ட நேர் மின்னழுத்தம் வந்தால் அது 0. அதே அளவுக்கு மேற்பட்ட எதிர் மின்னழுத்தம் வந்தால் அது 1. இரண்டுக்கும் இடைப்பட்டதற்குப் பொருளில்லை. நீண்ட கம்பியில் சிறிது அழுத்தம் குறைந்தாலும், பக்கத்து மோட்டாரின் இரைச்சல் புகுந்தாலும் பொருள் கெடாதிருப்பதற்காக இவ்வளவு அகன்ற இடைவெளியை வைத்தார்கள். 1969ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் மூன்றாம் திருத்தமே உலகெங்கும் பரவிற்று. அந்நியமம் வெளிப்படையாக அச்சிடப்பட்ட ஒன்று என்பதை நாம் இங்கே மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். எந்த ஊரில் எவர் வேண்டுமானாலும் அதைப் படித்துப் பார்த்துக் கருவி செய்யலாம்.

கணிப்பொறி வளர்ந்தபோது, மனிதன் அதனோடு பேசுவதற்கு உடனே கிடைத்த சாதனம் டெலிபிரிண்டரே. 1963ஆம் ஆண்டில் வந்த டெலிடைப் 33 என்னும் பொறி நொடிக்கு 110 துடிப்புகளில் பத்து எழுத்துகளைப் பதித்தது. ஓர் எழுத்துக்குப் பதினொரு துடிப்புகள்: தொடக்கம் ஒன்று, எழுத்துக்கு எட்டு, நிறுத்தம் இரண்டு. இந்தத் துடிப்பு வரிசையை எண்ணிப் பிரிக்கும் வேலையை, கோர்டன் பெல் என்னும் பொறியியலாளர் பி.டி.பி. 1 என்னும் கணிப்பொறிக்காக மின்னணுச் சுற்றில் அமைத்துக் காட்டினார். பல பலகைகளில் பரவிக் கிடந்த அச்சுற்று 1971ஆம் ஆண்டு வாக்கில் ஒரே சில்லுக்குள் அடங்கிற்று. அதற்கு ‘யுவார்ட்’ என்று பெயர். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தின் பி.சி. வெளிவந்தபோது அதற்கான சீரியல் அட்டையிலும் அத்தகைய சில்லே இருந்தது. 1984ஆம் ஆண்டின் ஏ.டி. மாதிரியில் இருபத்தைந்து ஊசி முகப்பு ஒன்பது ஊசியாகச் சுருங்கியது.

இக்காலத்திலேதான் நம் நாட்டிலும் கணிப்பொறி பொதுவாழ்வுக்குள் புகுந்தது. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984ஆம் ஆண்டில் வங்கிப் பணிகளை இயந்திரமயமாக்க வழி கூறிற்று. 1985ஆம் ஆண்டில் புதுதில்லியில் ரயில்வே முன்பதிவுக் கணிப்பொறித் திட்டம் சோதனை முறையில் தொடங்கியது. விடுமுறைக்குத் தமிழ்நாடு செல்லும் பயணச்சீட்டுக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற நம்மவர்க்கு அது பெரிய ஆறுதல். முன்பதிவுச் சாளரத்தில் எழுத்தர் முன்னிருந்த திரையும் மையக் கணிப்பொறியும் உரையாடியது இத்தொடர்முறையிலேதான். கோவை, பூனா, ராஜ்கோட், லூதியானா, பெங்களூர் பீன்யா முதலிய இடங்களின் பட்டறைகளில், எண்களால் ஆளப்படும் கடைசல் இயந்திரங்களும் இவ்வழியாகவே தம் வேலைத் திட்டத்தைப் பெற்றன.

பின்பு காலம் மாறிற்று. விசைப்பலகைக்கு ஒரு வாயில், சுட்டெலிக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்று கணிப்பொறியின் முதுகு வாயில்களால் நிறைந்தது. எல்லாவற்றுக்கும் ஒரே வாயில் வேண்டும் என்று ஏழு பெரிய நிறுவனங்கள் கூடி வகுத்த நியமம் 1996ஆம் ஆண்டு ஜனவரியில் வெளிவந்தது, அதுவே யு.எஸ்.பி. அம்முயற்சியில் முன்னின்றவர்களுள் ஒருவரான அஜய் பட், குஜராத்தின் பரோடாவில் கல்வி பயின்று அமெரிக்காவில் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1998ஆம் ஆண்டில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐமேக் கணிப்பொறியில் பழைய வாயில்களை அடியோடு நீக்கிவிட்டு யு.எஸ்.பி.யை வைத்தது. மற்றவரும் படிப்படியாக அவ்வழி சென்றனர். அப்போது பழைய கருவிகளை வைத்திருந்தோர் எல்லோருக்கும் துபாஷியின் தேவை ஏற்பட்டது.

துபாஷி அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றினான் என்று கருதுதல் தவறு. டெலிபிரிண்டர் பேசியது மின்னோட்டத்தின் மொழி. இருபது மில்லி ஆம்பியர் ஓடினால் ஒரு பொருள், ஓடாவிடில் மற்றொரு பொருள். ஆர்.எஸ். 232 பேசியது மின்னழுத்தத்தின் மொழி. ஆகவே இவ்விரண்டுக்கும் இடையே அக்காலத்திலேயே மாற்றுக் கருவிகள் இருந்தன. பின்னர்க் கணிப்பொறிச் சில்லுகள் ஐந்து வோல்ட்டில் மட்டுமே இயங்கத் தொடங்கியபோது, ஐந்து வோல்ட்டிலிருந்தே நேரும் எதிருமான உயர்ந்த அழுத்தங்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் மாக்ஸ் 232 என்னும் சில்லு 1987ஆம் ஆண்டில் வந்தது. ஒவ்வொரு தலைமுறை மாற்றத்திலும் ஓர் இடையாள் வந்து நின்றதனாலேயே பழைய பொறிகள் வேலையிழக்காமல் நின்றன.

இன்றைய அடாப்டர் செய்யும் பணி மூவகைப்பட்டது. முதலாவது, மின்னழுத்தத்தை மாற்றுவது. யு.எஸ்.பி.யின் ஐந்து வோல்ட்டைக் கொண்டு பழைய கருவி எதிர்பார்க்கும் நேர், எதிர் அழுத்தங்களை அது உண்டாக்குகிறது.

இரண்டாவது, பேச்சு முறையை மாற்றுவது. யு.எஸ்.பி. முறையில் கணிப்பொறியே தலைமை. அது கேட்டாலன்றி எந்தக் கருவியும் வாய் திறத்தல் கூடாது. சீரியல் முறையிலோ எவரும் எந்நேரமும் பேசலாம். முன்னறிவிப்புக்கு ஒரு தொடக்கக் குறியே போதும். எனவே அடாப்டர், பழைய கருவி நினைத்த நேரத்தில் சொல்வதையெல்லாம் கேட்டுச் சேர்த்து வைத்திருந்து, கணிப்பொறி வினவும்போது மொத்தமாக ஒப்படைக்கிறது. பரவலாக வழங்கும் சில்லு ஒன்று, சேர்ந்தது கொஞ்சமாயின் நொடியில் ஆயிரத்தில் 16 பங்கு நேரம் வரை காத்திருந்து அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. கேட்பதற்கு இது அற்பப் பொழுது. ஆனால் அடுத்தடுத்து வினாவும் விடையுமாக உரையாடும் கருவிகளுக்கு இத்தாமதம் புலப்படவே செய்யும்.

மூன்றாவது, பெயரை மாற்றுவது. பழைய மென்பொருள் ‘காம்’ என்னும் பெயருடைய வாயிலையே தேடும். அடாப்டரோடு வரும் ‘டிரைவர்’ என்னும் மென்பொருள், ‘இதோ நான்தான் அந்த வாயில்’ என்று அதற்கு அறிவிக்கிறது. லினக்ஸ் முறையில் இவ்வாயிலுக்கு வழங்கும் பெயரின் முன்னொட்டு ‘டி.டி.ஒய்.’ என்பது. அது டெலிடைப் என்னும் சொல்லின் சுருக்கம். தடதடத்த பொறி கண்காட்சிக்கூடம் சென்ற பிறகும் அதன் பெயர் புத்தம்புதிய கணிப்பொறிக்குள் வழங்கிவருகிறது.

இம்மூன்றையும் செவ்வனே செய்தால் பழைய பொறிக்குத் தன்னோடு பேசுவது எந்த யுகத்துக் கணிப்பொறி என்பது தெரியவே தெரியாது. ஆயினும் துபாஷியால் இயலாதனவும் உண்டு. வன்பொருளின் முகவரியை நேரே தொட்டு வேலை வாங்கிய பழைய டாஸ் மென்பொருள்கள் சிலவற்றை டிரைவரின் அறிவிப்பு ஏமாற்றாது. வாயிலின் ஊசிகளிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சி இயங்கும் சில கருவிகளுக்கு அடாப்டர் தரும் வலிமை போதாது. அன்றியும், பார்வைக்கு ஒத்திருப்பினும் மூன்று அல்லது ஐந்து வோல்ட்டில் மட்டும் பேசும் வேறு வகை அடாப்டர்கள் விற்கப்படுகின்றன; அவற்றைப் பழைய இயந்திரத்தின் பன்னிரண்டு வோல்ட்டோடு நேரே பிணைத்தால் சில்லு கருகும்.

ஊசிகளின் எண்ணிலும் ஒரு சூழ்ச்சி ஒளிந்திருக்கிறது. இருபத்தைந்து ஊசி முகப்புடைய கணிப்பொறியில் இரண்டாம் ஊசி பேசும். மூன்றாம் ஊசி கேட்கும். ஒன்பது ஊசியிலோ இரண்டு கேட்கும், மூன்று பேசும். இது அறியாமல் எண்ணைப் பார்த்துக் கம்பி இணைத்தால் இரு புறமும் ஒருங்கே பேசி, ஒருவர் சொல்லும் மற்றவர் செவியில் ஏறாது. அடாப்டர் பழுது என்று தூக்கி எறியப்படுவனவற்றுள் சில, உண்மையில் குறுக்கே மாற்றிக் கட்டவேண்டிய இரண்டு கம்பிகளின் பிழையேயாகும்.

இவற்றினும் நுட்பமானது நிறுத்தும் கட்டளை. எண்களால் ஆளப்படும் பழைய கடைசல் இயந்திரங்களின் நினைவகம் மிகச் சிறியது. நீண்ட வேலைத் திட்டம் முழுவதையும் அது ஒருங்கே கொள்ளாது. குழந்தைக்குக் கவளம் கவளமாக ஊட்டுவதுபோலக் கணிப்பொறி ஊட்ட வேண்டும். வாய் நிறைந்தால் இயந்திரம் 19 என்னும் எண்ணுடைய குறியை அனுப்பி ‘நிறுத்து’ என்னும். மீண்டும் பசித்தால் 17ஐ அனுப்பி ‘தொடர்’ என்னும். இக்குறிகள் டெலிடைப் பொறியின் காகித நாடா படிக்கும் உறுப்பை நிறுத்தவும் ஓட்டவும் ஏற்பட்டவை. ஆங்கில நெடுங்கணக்கில் 17ஆம் எழுத்து க்யூ, 19ஆம் எழுத்து எஸ். இன்றும் கணிப்பொறியின் கட்டளைச் சாளரத்தில் கன்ட்ரோல் விசையோடு எஸ் அழுத்தினால் ஓட்டம் நிற்பதும், க்யூ அழுத்தினால் தொடர்வதும் அக்காரணத்தாலேயே. இயந்திரம் ‘நிறுத்து’ என்று சொன்ன பின்னும், அச்சொல்லைத் தானே உணராமல், தன்னிடம் சேர்ந்துள்ளதையெல்லாம் கொட்டித் தீர்க்கும் அடாப்டர் வாய்த்தால், வெட்டவேண்டிய கணக்கில் சில எழுத்துகள் சிதறிப்போகும். எஃகை அறுக்கும் கருவிக்கு ஓர் எண் தவறினால் விளைவது என்ன என்பதைப் பட்டறையில் உழைப்போர் அறிவர். நல்ல சில்லுகள் அக்கட்டளையைத் தாமே உணர்ந்து அக்கணமே நிற்கும்.

ஆகவே இடைநிற்பவர் யார் என்பது பெரிய கேள்வியாகிறது. ஸ்காட்லாந்தில் 1992ஆம் ஆண்டில் தோன்றிய எஃப்.டி.டி.ஐ. என்னும் நிறுவனத்தின் சில்லுகள் இத்துறையில் பெயர் பெற்றவை. பெயர் பெற்ற பொருளுக்குப் போலி தோன்றுவது உலகியல்பு. அச்சில்லின் பெயரைத் தாங்கிய போலிகள் சந்தையில் நிறைந்தன. 2014ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் அந்நிறுவனத்தின் புதிய டிரைவர், விண்டோஸ் கணிப்பொறிகளுக்குத் தானாக வந்து சேரும் புதுப்பிப்பின் வழியே பரவியது. அது போலிச் சில்லைக் கண்டறிந்து, அதனுள் பதிந்திருந்த அடையாள எண்ணைப் பூச்சியமாக்கிற்று. நேற்றுவரை உழைத்த கம்பி மறுநாள் கணிப்பொறிக்குத் தெரியாமற் போயிற்று. உலகெங்கும் கண்டனம் எழவே, சில நாட்களில் அந்த டிரைவர் திரும்பப் பெறப்பட்டது. தைவான் நாட்டு நிறுவனமான ப்ரோலிஃபிக், பழைய சில்லு வகை ஒன்றுக்குப் புதிய விண்டோஸில் இடமில்லை என்று தன் டிரைவரில் அறிவித்தது. அவ்வகையில் போலிகளோடு அந்நிறுவனமே முன்னர்ச் செய்து விற்ற அசல்களும் அடங்கும்.

தன் பெயரைத் திருடி விற்பவனைத் தடுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கம்பியை நல்ல காசு கொடுத்து நல்ல பொருள் என்று நம்பி வாங்கியவர் போலி செய்தவர் அல்லர். அவருடைய எடைமேடையும் ஆய்வுக்கூடமும் பட்டறையும் ஒரு காலைப் பொழுதில் பேச்சற்று நின்றன. அதற்கு இயந்திரம் தேய்ந்தது காரணம் அன்று, ஆர்.எஸ். 232 நியமம் மாறியதும் காரணம் அன்று. இரண்டும் முன்போலவே இருந்தன. இடைநின்ற துபாஷி மட்டும் வேறொருவர் ஆணைக்குக் கட்டுப்பட்டவனாக இருந்தான். மூடிய கையொன்றில் மொழிபெயர்ப்பை ஒப்படைத்தால் நேரக்கூடிய இடர் இதுவே.

இதற்கு மறுதலையான வழியும் உண்டு. லினக்ஸில் இத்தகைய பல சில்லுகளுக்கான டிரைவர்கள் அதன் கருவிலேயே, எவரும் படித்துப் பார்த்துத் திருத்தக்கூடிய வடிவில் அமைந்துள்ளன. யு.எஸ்.பி. நியமத்திலேயே தொடர்முறைக் கருவிகளுக்கென வகுத்த பொது வகுப்பு ஒன்று இருக்கிறது. அவ்வகுப்பைப் பின்பற்றும் அடாப்டருக்குத் தனி நிறுவனத்தின் டிரைவர் தேவைப்படுவதில்லை. விண்டோஸ் 10 முதல் அம்முறைமையிலேயே அதற்கான ஏற்பாடு உள்ளது. பொதுவில் எழுதிவைத்த விதியின்படி பேசும் துபாஷியை ஒருவர் நினைத்து ஊமையாக்க இயலாது.

இந்த வரலாறு முழுவதையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்கு ஓர் உண்மை புலனாகிறது. ஒரு முறை நெடுங்காலம் வாழ்வது வேகத்தினால் அன்று. தொடர்முறையை வேகத்தில் வென்றவை பல. அவற்றுள் எத்தனையோ வந்து மறைந்தன. இரண்டு ஊசியும் ஒரு பொதுக் கம்பியும், எழுத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் என்னும் எளிமையினாலும், எவர்க்கும் தெரியும்படி அச்சிட்டு வைத்த வெளிப்படையினாலுமே இது வாழ்ந்தது. எளிமையாக இருந்ததனால் எவரும் கற்றனர். வெளிப்படையாக இருந்ததனால் எந்நாட்டிலும் எத்தலைமுறையிலும் அதற்குத் துபாஷி கிடைத்தான். இன்று நாம் விலை கொடுத்து வாங்கும் புதிய கருவிகளுள் பல, தமக்கென மறைமொழி வைத்திருக்கின்றன. அவற்றைச் செய்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டால், இருபது ஆண்டுக்குப் பின் அவற்றுக்காகப் பேச ஒருவரும் இருக்கமாட்டார். கருவி வாங்குமுன் அதன் விலையையும் வேகத்தையும் கேட்கும் நாம், அதன் மொழி எழுதி வெளியிடப்பட்டதா என்றும் கேட்கப் பழகுவோமாக.

பழைய இயந்திரத்தைக் காத்து வருபவருக்கு உடனடியாகச் செய்யத்தக்க காரியம் ஒன்றும் உண்டு. அது செலவற்றது. துபாஷி எவ்வளவு தேர்ந்தவனாயினும் நான்கு செய்திகளை நாம்தான் அவனுக்குச் சொல்ல வேண்டும்: நொடிக்கு எத்தனை துடிப்பு, எழுத்துக்கு எத்தனை துடிப்பு, பிழை காணும் ஒப்புத்துடிப்பு உண்டா இல்லையா, நிறுத்தக் குறி ஒன்றா இரண்டா. இந்நான்கில் ஒன்று தவறினும் திரையில் பொருளற்ற கிறுக்கல் வரக்கூடும். கையேடு தொலைந்து, அதனை அமைத்த பொறியாளரும் ஓய்வு பெற்றுச் சென்ற பின், இந்த நான்கையும் கண்டறியப் பட்டறைகள் நாட்கணக்கில் தடுமாறுவது உண்டு. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும் இன்றே அவற்றைப் பார்த்து, ‘9600, 8, ஒப்புத்துடிப்பு இல்லை, நிறுத்தம் 1’ என்றாற்போல, அழியாத மையில் அதன் பக்கத்தகட்டில் எழுதி வைத்தல் நலம். நமக்குப் பின் அவ்விடத்துக்கு வரும் இளைஞன் எம்மொழி பேசுபவனாயினும், எத்தகைய கணிப்பொறி கொண்டுவருபவனாயினும், அந்த ஒற்றை வரியைக் கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவான்.